கனகவல்லி தோண்டிய நவம்பர்ப் பனி

கனகவல்லி மியூனிக்குக்கு வந்தது 1964இல். விழுப்புரம் ரயில்வே காலனியில் வளர்ந்து, சென்னையில் இயற்பியல் எம்.எஸ்ஸி. முடித்து, உதவித்தொகையோடு கப்பலேறியவர். ஆவியிலிருந்து படிகங்கள் எப்படி வளர்கின்றன என்பதுதான் ஆராய்ச்சி. மூன்றாவது வருஷம், பாதி வேலை முடிந்திருந்தபோது, அவருடைய பேராசிரியர் அமெரிக்காவில் இடம் கிடைத்துக் குடும்பத்தோடு போய்விட்டார். அடுத்து வந்தவருக்குப் படிகங்களில் அக்கறை இல்லை. திரும்பி வந்துவிடு என்று அப்பா எழுதினார். இன்னும் ஆறு மாதம் பார்க்கிறேன் என்று கனகவல்லி பதில் எழுதினார்.

அந்த ஆறு மாதத்துக்குள் ஒரு சின்ன வேலை கிடைத்தது. மலைகளில் பனிச்சரிவு வரக்கூடுமா என்று கணித்து எச்சரிக்கும் ஓர் அலுவலகம். மொத்தமே ஐந்து பேர், இரண்டு அறைகள். தெற்கே ஆல்ப்ஸ் மலையில் பதினான்கு இடங்களில் அவர்களுக்கு ஆட்கள் இருந்தார்கள். விடுதிக்காரர்கள், சாலைப் பணியாளர்கள், ஒரு பள்ளி ஆசிரியர். தினமும் காலை ஏழரை மணிக்கு அவரவர் இடத்துப் பனியின் உயரத்தையும் குளிரையும் அளந்து தொலைபேசியில் சொல்வார்கள். கனகவல்லி காதில் வாங்கி எழுத வேண்டும். அவ்வளவுதான் வேலை. எழுதியதைப் பார்த்து என்ன சொல்வது என்று முடிவு செய்கிறவர் அலுவலகத் தலைவர் ரைண்டல்.

மூன்று குளிர்காலம் இப்படியே போயிற்று. பதினான்கு குரல்களையும் கனகவல்லி நன்றாக அறிந்திருந்தார். யாருக்குச் சளி பிடித்திருக்கிறது, யார் இன்றைக்கு வெளியே போகாமலே நேற்றைய எண்ணைச் சொல்கிறார் என்பதெல்லாம்கூடத் தெரியும். ஆனால் அந்த மலைகளில் ஒன்றின் மீதும் அவர் கால் வைத்ததில்லை.

அந்தக் குரல்களில் பிடித்தமானது வால்புர்காவுடையது. ஆயிரத்து நானூறு மீட்டர் உயரத்தில், காட்டுக்கு மேலே, மலையேறுகிறவர்கள் தங்கும் குடில் ஒன்றை நடத்திவந்தார். வயது நாற்பதுக்குள். முதல் நாள் தொலைபேசியிலேயே, "ஆயிரம் மீட்டருக்கு மேலே நாங்கள் யாரையும் 'நீங்கள்' என்று கூப்பிடுவதில்லை. நீ என்னை வால்புர்கா என்றே கூப்பிடு" என்று சொல்லிவிட்டார். "நான் ஐந்நூறு மீட்டரில் இருக்கிறேனே" என்றார் கனகவல்லி. அன்றிலிருந்து இருவரும் சிநேகிதிகள்.

1970ஆம் ஆண்டு நவம்பர் முதல் வாரத்தில் பனி விழுந்தது. முப்பது சென்டிமீட்டர். பிறகு மூன்று வாரம் வானம் துடைத்துவைத்த மாதிரி இருந்தது. பகலில் வெயில், இரவில் கடும் குளிர். பனியின் மேற்பரப்பில் மைனஸ் பதினைந்து என்றும் தரையோடு பூஜ்யம் என்றும் பதினான்கு பேரும் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். கனகவல்லி எழுதிக்கொண்டே இருந்தார்.

ஒரு நாள் வால்புர்கா எண்களைச் சொல்லி முடித்துவிட்டு, "வடக்குப் பக்கம் விறகு எடுக்கப் போனேன். பனியில் காலை வைத்தால் தரை வரைக்கும் இறங்குகிறது. மணலில் நடக்கிற மாதிரி" என்றார்.

கனகவல்லி பென்சிலைக் கீழே வைத்தார்.

கீழே ஒரு பக்கம் சூடு, மேலே ஒரு பக்கம் குளிர், நடுவே மெல்லிய இடைவெளி. கீழிருந்து ஆவி எழும்பி மேலே படிகமாக ஒட்டும். இதைத்தான் அவர் இரண்டு வருஷம் கண்ணாடிக் குழாய்க்குள் செய்துபார்த்தார். அதே வேலையை இப்போது மலை முழுவதும் அந்த முப்பது சென்டிமீட்டர் பனி செய்துகொண்டிருந்தது. பனி ஆழமாக இருந்திருந்தால் குளிர் இவ்வளவு வேகமாகத் தரையை எட்டியிருக்காது. மெல்லியதாக இருப்பதுதான் வினை.

ரைண்டலிடம் போய்ச் சொன்னார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி கேட்டார்.

"முப்பது சென்டிமீட்டர் பனியில் முயல்கூடப் புதையாது, செல்வி கனகவல்லி."

"இந்தப் பனியால் ஆபத்து இல்லை, ஐயா. இதன்மேல் அடுத்து விழப்போகிற பனியால்தான்."

"நம் எச்சரிக்கைகள் கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம்தான் தொடங்கும். வழக்கம் அது. இப்போதே கத்த ஆரம்பித்தால் ஜனவரியில் கத்தும்போது யார் கேட்பார்கள்?"

அதில் நியாயம் இல்லாமல் இல்லை. "போய்ப் பார்க்கவாவது அனுமதியுங்கள்" என்றார் கனகவல்லி.

"ஞாயிற்றுக்கிழமை உங்களுடையது. அதைக் கேட்க நான் யார்?"

ஞாயிற்றுக்கிழமை அவரை மலைக்குக் கூட்டிப்போனவர் உமாபதி. கோயம்புத்தூர்க்காரர், மியூனிக்கை அடுத்த கார்ஹிங்கில் அணு உலை ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். பழைய ஃபோக்ஸ்வாகன் ஒன்று வைத்திருந்தார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஸ்கீ என்னும் பனிச்சறுக்கைக் கற்றுக்கொண்டதிலிருந்து அவருக்கு வேறு பேச்சே கிடையாது. சறுக்குவதற்கான நீண்ட பனிக்கட்டைகளைக் காலில் மாட்டிக்கொண்டு மலையேறும் ஒரு சங்கத்தில் சேர்ந்திருந்தார். அடுத்த சனிக்கிழமை அந்தச் சங்கத்தின் முதல் பயணம், அதுவும் வால்புர்காவின் குடிலுக்கு.

காட்டுப்பாதையில் மூன்று மணி நேர நடை. கனகவல்லி இரவல் வாங்கிய கால்சட்டையும் ஒரு சுற்றுப் பெரிய பூட்சும் போட்டிருந்தார். குடில் வாசலில் நின்ற வால்புர்கா, "நீ இவ்வளவு குட்டையாக இருப்பாய் என்று நினைக்கவில்லை. குரல் உயரமாக இருந்ததே" என்று சொல்லிக் கட்டிக்கொண்டார்.

குடிலுக்குப் பின்னால், ஒரு சமதரைப் புல்வெளியைத் தாண்டி, வடக்கு பார்த்த பெரிய சரிவு ஒன்று ஐந்நூறு மீட்டர் உயரத்துக்கு எழுந்து நின்றது. அதன் அடிவாரத்தில் கனகவல்லி மண்வெட்டியால் தோண்டினார். மேலே ஒரு விரற்கடைக்கு ஓடு மாதிரி இறுகிய பனி. அதற்குக் கீழே எல்லாம் பொலபொலவென்று உதிர்ந்தது. கையில் அள்ளிப் பிடித்தால் உருண்டையாகவில்லை. விரலிடுக்கில் வழிந்தது.

உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துப் பார்த்தார். குட்டிக் குட்டிக் கிண்ணங்கள். ஒவ்வொன்றிலும் வரிவரியாகப் படிக்கட்டு. கண்ணாடிக் குழாய்க்குள் மயிரிழை அளவுக்கு வளர்ந்தவை இங்கே உளுந்து அளவுக்கு வளர்ந்திருந்தன.

"என்னங்க, இப்படிச் சிரிக்கறீங்க? ஏதோ டேஞ்சர்னுதான வந்தீங்க?" என்றார் உமாபதி.

"ரொம்ப அழகா இருக்கு, உமாபதி. அதான் பயமாவும் இருக்கு."

"எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

"தரையில ரவையக் கொட்டிப் பரப்பி, அதைச் சாய்ச்சு வெச்சிருக்குன்னு நெனச்சுக்கங்க. மேல ஒரு பலகைய வெச்சா நிக்குமா?"

"வழுக்கிட்டு வந்துரும்."

"இப்போதைக்குப் பலகை இல்ல. வெறும் ரவைதான் இருக்கு. அடுத்த ஸ்னோஃபால், கூடக் காத்தும் அடிச்சா, அது பலகையாயிரும்."

உமாபதி சரிவை அண்ணாந்து பார்த்தார். "ஆனா சங்கத்துல எல்லாரும் சீசன் ஆரம்பத்துல ரிஸ்க்கே இல்லம்பாங்க. ஸ்னோ கம்மியா இருந்தா சேஃப்னுதான் நானும் நெனச்சிட்டிருந்தேன்."

"நானும் போன வாரம் வரைக்கும் அப்படித்தான் நெனச்சேன்."

திங்கட்கிழமை கனகவல்லி ஒரு பக்கக் குறிப்பைத் தட்டச்சு செய்து ரைண்டலின் மேஜையில் வைத்தார். அவர் படித்தார், கோப்பில் வைத்தார். புதன்கிழமை மேற்கிலிருந்து புயல் வந்தது. மூன்று நாள் பனியும் காற்றும். வெள்ளிக்கிழமை காலை ஐம்பது, அறுபது, எழுபது என்று தொலைபேசியில் எண்கள் வந்தன. ஒவ்வொருவரும் சொல்லி முடித்ததும் கனகவல்லி தன் பங்குக்கு ஒன்று சொன்னார்: "அடியில் இருக்கிற பனி பிடிமானம் இல்லாதது. இந்த வாரம் யாரையும் செங்குத்தான இடத்துக்கு அனுப்பாதீர்கள்."

அது அவருடைய வேலை இல்லை. ஏழாவது ஆளிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது திரும்பிப் பார்த்தால் கதவருகில் ரைண்டல் நின்றுகொண்டிருந்தார். அவர் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கனகவல்லி எட்டாவது ஆளின் அழைப்பை எடுத்தார்.

சனிக்கிழமை டிசம்பர் ஐந்து. வானம் வெளுத்துவிட்டது. சங்கத்தாரிடம் நேரில் சொல்ல உமாபதியோடு கனகவல்லியும் கிளம்பினார். சங்கத்திலிருந்து ஏழு பேர். தலைவர் ஃபோல்கர் நிலம் அளக்கும் பொறியாளர், பதினைந்து வருஷமாக அந்த மலைகளில் ஏறுகிறவர். காட்டுப்பாதை முழுக்கக் கனகவல்லியின் மூச்சிரைப்புக்காக நின்று நின்று வந்தார். நல்ல மனிதர். அதனால்தான் குடிலை அடைந்ததும் அவரிடம் பேசுவது கனகவல்லிக்குக் கஷ்டமாக இருந்தது.

"பின்னால் இருக்கிற சரிவில் ஏறாதீர்கள்."

"ஏன்?"

கனகவல்லி வாயால் விளக்கவில்லை. குடிலுக்குப் பின்புறம் இருந்த சின்ன மேட்டில் பனியைத் தோண்டி, ஒரு தூண் மாதிரி நாலு பக்கமும் வெட்டி நிறுத்தினார். அதன் தலையில் மண்வெட்டியை வைத்து இரண்டு தட்டுத் தட்டினார். மூன்றாவது தட்டு தேவைப்படவில்லை. மேலே இருந்த அரை மீட்டர் புதுப்பனி அப்படியே ஒரு கட்டியாக நழுவி அவர் மடியில் விழுந்தது. கீழே ரவைப் படிகங்கள் வெயிலில் மின்னின.

ஃபோல்கர் குனிந்து படிகங்களைக் கையில் அள்ளிப் பார்த்தார்.

"சரி. ஏறவில்லை," என்றார் கடைசியில். "ஆனால் இவ்வளவு தூரம் வந்துவிட்டோம். அடிவாரத்துப் புல்வெளி வழியாக எதிர்ப்பக்கத்து மாட்டுக்கொட்டகை வரை போய்விட்டு வருகிறோம். அது சமதரை."

கனகவல்லி யோசித்தார். சரிவில் ஏறாவிட்டால் பனியை யாரும் உடைக்கப்போவதில்லை. சமதரையில் என்ன ஆகிவிடும்? "போகலாம்" என்றார். "ஆனால் தள்ளித் தள்ளிப் போங்கள். கயிறு கட்டிக்கொண்டு போங்கள்."

சிவப்புக் கயிறு அந்தக் காலத்தில் மலையேறுகிறவர்கள் வைத்திருப்பது. இருபது மீட்டர் நீளம், ஒரு முனையை இடுப்பில் கட்டி மறுமுனையைப் பின்னால் இழுத்துக்கொண்டு போக வேண்டும். பனி ஆளை மூடினாலும் இலேசான கயிறு மேலே மிதக்கும் என்று நம்பிக்கை. எப்போதும் மிதக்கும் என்று சொல்ல முடியாது. வால்புர்கா உள்ளே போய் ஒரு கட்டுக் கயிறு கொண்டுவந்தார். சமதரையில் நடக்கக் கயிறா என்று ஒருவர் சிரித்தார். ஃபோல்கர் சிரிக்காமல் முதலில் தானே கட்டிக்கொண்டார். முன்னால் அவர் போனார். ஐம்பது மீட்டர் பின்னால் உமாபதி. மற்றவர்கள் இன்னும் குடிலருகில் பனிக்கட்டைகளை மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஃபோல்கர் புல்வெளியின் பாதியைத் தாண்டியபோது அந்தச் சத்தம் கேட்டது. பெரிய மூட்டையைத் தரையில் போட்ட மாதிரி அடங்கிய ஒரு 'தொம்'. கனகவல்லி நின்ற இடத்திலும் காலடியில் தரை ஒரு விரற்கடை இறங்கியது. ஃபோல்கரின் பனிக்கட்டைகளிலிருந்து ஒரு விரிசல் கோடு போட்ட மாதிரி சரிவை நோக்கி ஓடியது. அப்புறம் மேலே, வெகு மேலே, வெள்ளையில் ஒரு நீலக் கீறல் திறந்தது. அதற்குக் கீழே இருந்த சரிவு முழுவதும் கண்ணாடி உடைவதுபோலத் துண்டு துண்டாகி வர ஆரம்பித்தது.

"உமாபதி! பின்னால வாங்க! பின்னால!" கனகவல்லி தமிழில் கத்தினார்.

உமாபதி திரும்பி ஓடினார். பனிப்புழுதி அவரைக் கீழே தள்ளி, முழங்கால்வரை மூடி நின்றது. ஃபோல்கர் நின்ற இடத்தில் யாரும் இல்லை.

சத்தம் அடங்கியதும் முதலில் ஓடியவர் வால்புர்கா, தோளில் இரண்டு மண்வெட்டிகளோடு. "ஒருவர் மேலே பார்த்துக்கொண்டே நில்லுங்கள், மறுபடி வந்தால் கத்துங்கள்! மற்றவர்கள் வரிசையாக வாருங்கள்!" என்று கூவினார். பனி இப்போது இளகியதாக இல்லை, கட்டிகட்டியாக இறுகிக் கிடந்தது. கனகவல்லி தடுக்கி விழுந்து எழுந்து நடந்தார். நாலு நிமிஷம், ஐந்து நிமிஷம். எங்கும் வெள்ளை. ஆறாவது நிமிஷம் உமாபதி கையைத் தூக்கினார். இரண்டு பனிக்கட்டிகளுக்கு நடுவில் சிவப்பாக ஒரு முழம்.

கயிற்றை இழுக்காமல் அதைத் தொடர்ந்து தோண்டிக்கொண்டே போனார்கள். இரண்டு மண்வெட்டி, பாக்கி எல்லாம் கை. கனகவல்லியின் நகக்கண்களில் ரத்தம் வந்தது அவருக்குத் தெரியவில்லை. ஒரு மீட்டருக்குக் கீழே ஒரு கம்பளிக் குல்லாய். வால்புர்கா முகத்தை மூடியிருந்த பனியை விரலால் வழித்தெடுத்தார். உதடு நீலம். வாய்க்குள் இருந்த பனியைத் துழாவி எடுத்து, குனிந்து இரண்டு முறை ஊதினார். ஃபோல்கர் இருமினார்.

பன்னிரண்டு நிமிஷம் ஆகியிருந்தது. தோளெலும்பும் ஒரு காலும் முறிந்திருந்தன. கண்ணைத் திறந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "இரண்டாவது ஆள்?" என்பது.

"இங்கேதான் இருக்கிறேன்" என்றார் உமாபதி. சொல்லிவிட்டு அப்படியே பனியில் உட்கார்ந்துகொண்டார்.

ஃபோல்கரைக் கீழே கொண்டுபோக மீட்புக் குழு வந்து சேர்ந்தது. எல்லாம் முடிந்தபிறகு குடிலின் அடுப்பருகில் கனகவல்லி சூப் கிண்ணத்தைக் கையில் பிடித்தபடி குடிக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"சமதரையில போகலாம்னு நான்தான் சொன்னேன்."

"கயித்தக் கட்டுங்கன்னும் நீங்கதான சொன்னீங்க" என்றார் உமாபதி.

"அது போதாது. அடியில எல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்திருக்குன்னு எனக்குத் தோணியிருக்கணும். கீழ மிதிச்சா மேல அறுந்துக்கும்னு தோணியிருக்கணும்."

உமாபதி சூப்பைக் குடிக்கச் சொன்னார். உருளைக்கிழங்கு சூப். கனகவல்லிக்காக வால்புர்கா பன்றி இறைச்சி போடாமல் தனியாக வைத்தது.

திங்கட்கிழமை ரைண்டலுக்கு முன்னால் நின்று நடந்ததை ஒளிக்காமல் சொன்னார், தன் தவறையும் சேர்த்து. ரைண்டல் கோப்பைத் திறந்து அந்த ஒரு பக்கக் குறிப்பை எடுத்து மறுபடி படித்தார். "இதை நான் கோப்பில் வைத்தேன்" என்றார்.

மூன்று வாரம் கழித்து மருத்துவமனையிலிருந்து ஃபோல்கரின் கடிதம் வந்தது. பதினொரு பக்கம். நிலம் அளப்பவர் அல்லவா, சங்கத்து நண்பர்களை அனுப்பிப் பனி அறுந்த இடத்தின் உயரம், சரிவின் கோணம், தான் நின்ற இடத்திலிருந்து விரிசல் ஓடிய தூரம் எல்லாவற்றையும் அளக்கச் செய்து, கையெழுத்து நடுங்க வரைபடமாகப் போட்டிருந்தார். கடைசியில் இரண்டு வரி: "செல்வி கனகவல்லிக்குச் சமதரையைப் பற்றித் தெரிந்திருக்கவில்லை. எனக்கும் தெரியாது. இப்போது இருவருக்கும் தெரியும். மற்றவர்களுக்கும் தெரியவேண்டும்."

அடுத்த வருஷம் அலுவலகத்தின் வழக்கம் மாறியது. முதல் பனி தரையில் தங்கிய நாளிலிருந்தே எச்சரிக்கை. சரிவில் மட்டுமல்ல, சரிவின் அடியிலும் நடமாடாதீர்கள் என்று ஒரு வரி புதிதாகச் சேர்ந்தது. பதினான்கு இடங்களிலும் வாரம் ஒரு முறை பனியைத் தோண்டிப் பார்க்க வேண்டும் என்று ரைண்டல் ஏற்பாடு செய்தார். அங்கங்கே போய்த் தோண்டவும் பார்க்கவும் கற்றுக்கொடுத்தவர் கனகவல்லி. முப்பதாவது வயதில் ஸ்கீ கற்றுக்கொண்டார். கடைசிவரை நன்றாக வரவில்லை. இறங்கும்போது அவர் போடும் வளைவுகளைப் பார்த்து வால்புர்கா கண்ணை மூடிக்கொள்வார். பட்டத்தை முடிக்கவே இல்லை. அதைப் பற்றி அப்பா கேட்பதை ஒரு கட்டத்தில் நிறுத்திக்கொண்டு, இந்த வருஷம் பனி எப்படி என்று கேட்டு எழுதத் தொடங்கினார். உமாபதி 1973இல் கல்பாக்கத்தில் வேலை கிடைத்து ஊர் திரும்பினார். ஃபோல்கர் காலைச் சற்று இழுத்து நடந்தாலும் அலுவலகத்தின் பதினைந்தாவது ஆளாகச் சேர்ந்து, சென்டிமீட்டரில் பாதி கூடப் பிசகாமல் தினமும் காலையில் எண் சொன்னார்.

1976 நவம்பரில் ஒரு காலை, வானொலியில் எச்சரிக்கையைப் படிக்கிறவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. நிலையத்திலிருந்து அவசரமாகக் கேட்டார்கள். ரைண்டல் கனகவல்லியைப் பார்த்தார்.

"என் உச்சரிப்பு..." என்றார் கனகவல்லி.

"பதினைந்து பேருக்குப் புரிகிறதே" என்றார் ரைண்டல், தொலைபேசியை நீட்டியபடி.

இரண்டு நிமிஷம் படித்தார். மெல்லிய பனி, அடியில் பிடிமானமில்லாத படிகங்கள், நாளை முதல் காற்று, வடக்குச் சரிவுகளையும் அவற்றின் அடிவாரத்தையும் தவிர்க்கவும். அதன்பிறகு வந்த ஒரு வாரத் தபாலில் மூன்று கடிதங்கள் இருந்தன. ஒன்று, ஒழுங்காக ஜெர்மன் பேசுகிறவர் கிடைக்கவில்லையா என்று கேட்டது. இன்னொன்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் பனிப்படிகங்களை வரைந்து அனுப்பியது. மூன்றாவது ஒரு மலைக் கிராமத்து விவசாயியிடமிருந்து வந்த அஞ்சலட்டை. சரிவுக்கு அந்தப்பக்கம் இருக்கும் கொட்டகையில் தன் வைக்கோல் கிடக்கிறது என்றும், வானொலியில் அந்த அம்மாள் போகாதே என்று சொன்னதால் போகவில்லை என்றும், மறுநாள் மாலையே சரிவு இறங்கிவிட்டது என்றும் எழுதியிருந்தார். "போகாதே என்று சொன்னவரே எப்போது போகலாம் என்றும் சொன்னால் நல்லது. மாடுகள் காத்திருக்கின்றன."

கனகவல்லி அந்தக் கிராமத்துத் தபால் நிலையத்தின் எண்ணைத் தேடிப் பிடித்து, அவரை வரவழைக்கச் சொல்லிப் பேசினார். சரிவு எந்த இடத்தில் அறுந்தது, பக்கவாட்டில் இன்னும் எவ்வளவு பனி தொங்குகிறது, கொட்டகைக்குக் காட்டு வழி உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். வழி உண்டு, சுற்று அதிகம் என்றார் அவர்.

"சுற்றிப் போங்கள். நாளைக் காலை பத்து மணிக்குள் போய்த் திரும்பிவிடுங்கள். போய் வந்ததும் எனக்குச் சொல்லுங்கள்."

மறுநாள் பத்தே காலுக்குத் தொலைபேசி மணி அடித்தது.